தலைமுடிக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனத்துக்கு

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக எழுதித் தரும்படி செயலாளர் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறேன்.)



இன்றைய தலைப்பைச் செயலாளர் வாசித்தபோது முன் வரிசையில் சிலர் என் தலையைப் பார்த்துச் சிரித்தீர்கள். சிரிக்கலாம், தப்பில்லை. வங்கியில் சேர்ந்தபோது இருந்த முடியில் கால்வாசிகூட ஓய்வு பெறும்போது கணக்கில் இல்லை. அதனால் எனக்குப் பெரிய வருத்தமும் இல்லை. நம் ஏற்காட்டில் மார்கழி மாதம் எல்லோர் தலையும் குரங்குக் குல்லாய்க்குள்தான் இருக்கிறது, யாருக்கு முடி இருக்கிறது யாருக்கு இல்லை என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

ஆனால் இருபத்தைந்து, முப்பது வயதுப் பிள்ளைகளுக்கு இது சிரிக்கிற விஷயம் இல்லை. பெண் பார்க்கப் போகும் வயதில் நெற்றி ஏறுவது எவ்வளவு மனச்சுமை என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகள் இப்போது எண்ணெய், ஷாம்புவோடு நிற்பதில்லை, மாத்திரைக்குப் போய்விட்டார்கள். மாலையில் ஏரிப் பக்கம் நடக்கும்போது நம் குடியிருப்பிலேயே மூன்று பேர் என்னிடம் இதைப் பற்றிக் கேட்டுவிட்டார்கள். மூன்று பேரும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். ஒருவர்கூட டாக்டரை நேரில் பார்த்தவர் இல்லை. இந்தப் பேச்சுக்கு அதுதான் காரணம்.

நான் பி.காம். படித்தவன், டாக்டர் இல்லை. எந்தக் காகிதத்தையும் கீழே இருக்கிற பொடி எழுத்து வரைக்கும் படிக்காமல் கையெழுத்து வாங்கக் கூடாது என்று பழக்கப்பட்டவன், அவ்வளவுதான். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து ஒரு தாள் வைத்திருப்பார்களே, அதை நம்மில் எத்தனை பேர் பிரித்துப் பார்த்திருக்கிறோம்? நான் பார்த்தேன். அதில் இருப்பதையும், அதையொட்டிப் படித்துத் தெரிந்துகொண்டதையும்தான் சொல்லப் போகிறேன். உங்கள் உடம்புக்கு எது சரி என்று சொல்ல வேண்டியவர் டாக்டர்.

முதலில் வழுக்கை ஏன் விழுகிறது என்பதைப் பார்ப்போம். தண்ணீரைத் திட்டுகிறோம், ஹெல்மெட்டைத் திட்டுகிறோம். அப்பா வழி, அம்மா வழி இரண்டிலிருந்தும் வரும் பரம்பரை ஒரு பக்கம், ஆண் ஹார்மோன் இன்னொரு பக்கம், இரண்டும் சேர்ந்தால்தான் இந்த வழுக்கை. ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1942-லேயே ஒன்று கண்டுபிடித்தார். வயதுக்கு வருவதற்கு முன்பே விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை. அவர்களுக்கு ஆண் ஹார்மோன் கொடுத்தபோது, பரம்பரையில் வழுக்கை இருந்தவர்களுக்கு விழ ஆரம்பித்தது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனை நம் உடம்பில் ஒரு என்சைம் இன்னும் வீரியமான ஒன்றாக மாற்றுகிறது. அதைச் சுருக்கமாக டி.எச்.டி. என்கிறார்கள். நெற்றியிலும் உச்சியிலும் இருக்கிற முடிவேர்களை இந்த டி.எச்.டி. கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிவிடுகிறது. பின்னந்தலை முடிவேருக்கு அதனால் பாதிப்பு இல்லை. அதனால்தான் முழு வழுக்கைக்காரருக்கும் பின்பக்கம் லாடம் மாதிரி ஒரு வரிசை நிற்கிறது.

இதற்கு மாத்திரை வந்த கதை சுவையானது. டொமினிக்கன் குடியரசு என்று கரீபியன் கடலில் ஒரு நாடு. அங்கே ஒரு கிராமத்தில் சில குழந்தைகள் பிறக்கும்போது பெண் குழந்தை போலத் தெரிந்து, பருவ வயதில் ஆணாக வளர்ந்தார்கள். இம்பராட்டோ மெக்கின்லி என்ற பெண் மருத்துவர் போய் ஆராய்ந்து 1974-இல் எழுதினார். அந்த என்சைம் அவர்களுக்குப் பிறவியிலேயே குறைவு, அதனால் டி.எச்.டி. குறைவு. வளர்ந்த பிறகு அவர்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி சிறியதாகவே இருந்தது, தலையும் வழுக்கையாகவில்லை. மெர்க் கம்பெனி இதைப் பிடித்துக்கொண்டது. அந்த என்சைமைத் தடுக்கும் மருந்தாக ஃபினாஸ்டரைடு வந்தது. 1992-இல் 5 மி.கி. மாத்திரையாக, வயதான ஆண்களின் புராஸ்டேட் வீக்கத்துக்கு. 1997 டிசம்பரில் 1 மி.கி. மாத்திரையாக, ஆண் வழுக்கைக்கு.

இங்கே ஒரு நிமிடம் நிற்கிறேன். அப்பாவின் புராஸ்டேட் மாத்திரையும் மகனின் முடி மாத்திரையும் ஒரே மருந்துதான். அளவு மட்டும் வேறு. இது தெரிந்த சில கெட்டிக்காரர்கள் 5 மி.கி. மாத்திரையை வாங்கி, கத்தியால் நான்காக வெட்டிச் சாப்பிடுகிறார்கள். மலிவு என்று கணக்கு. வெட்டுவது எங்கே? சமையலறையில், காய் நறுக்கும் பலகையில். அந்த வீட்டில் மருமகள் கர்ப்பமாக இருந்தால் யோசித்துப் பாருங்கள். முழு மாத்திரைக்கு மேலே ஒரு பூச்சு இருக்கிறது, அதைத் தொடுவதால் ஆபத்து இல்லை. உடைந்த மாத்திரையின் தூள் கர்ப்பிணி உடம்பில் சேர்ந்தால், வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையாக இருக்கும் பட்சத்தில், அதன் பிறப்புறுப்பு வளர்ச்சி பாதிக்கப்படலாம். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது என்று அந்தப் பொடி எழுத்துத் தாளில் தெளிவாக எழுதியிருக்கிறது. இந்த ஒரு விஷயத்துக்காகவாவது இன்று வீட்டுக்குப் போய் அலமாரியைப் பாருங்கள்.

சரி, மாத்திரை வேலை செய்கிறதா? செய்கிறது. 18 முதல் 41 வயது வரையான 1,553 ஆண்களை வைத்துச் சோதனை நடத்தினார்கள். இரண்டு வருஷம் கழித்து முடியை எண்ணிப் பார்த்தபோது, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு முடி இன்னும் குறைந்திருந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 17 சதவீதம் பேருக்குத்தான் குறைந்தது. நல்ல வித்தியாசம்தான். ஆனால் கவனியுங்கள், இருப்பதைக் காப்பாற்றுவதுதான் இதன் முதல் வேலை. பளபளப்பான தலையில் காடு வளர்க்கிற மருந்து இல்லை. பலன் தெரியவே மூன்று மாதத்துக்கு மேல் ஆகும், ஒரு வருஷம் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். நிறுத்தினால் கிடைத்தது ஒரு வருஷத்துக்குள் போய்விடும். முதிர்வுத் தேதி இல்லாத ரெக்கரிங் டெபாசிட் மாதிரி, கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 25 வயதில் ஆரம்பிப்பவர் இதை யோசித்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

பக்கவிளைவு பற்றி இளைஞர்கள் பயப்படுவது தாம்பத்திய விஷயத்துக்கு. இங்கே பெண்களும் இருப்பதால் நாசூக்காகச் சொல்கிறேன். முதல் வருஷச் சோதனையில் மருந்து சாப்பிட்டவர்களில் 3.8 சதவீதம் பேரும், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.1 சதவீதம் பேரும் அப்படிப்பட்ட குறை சொன்னார்கள். அதாவது வரலாம், பெரும்பாலானவர்களுக்கு வரவில்லை. நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. நிறுத்திய பிறகும் நீடித்ததாகச் சிலர் சொல்லியிருக்கிறார்கள், அதையும் தாளில் சேர்த்திருக்கிறார்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மனசு. 2022-இல் அமெரிக்காவில் இந்த மருந்தின் தாளில் தற்கொலை எண்ணம் பற்றிய குறிப்பைச் சேர்த்தார்கள். 2024-இல் பிரிட்டனில் நோயாளிகளுக்கு எச்சரிக்கை அட்டை கொடுக்கச் சொன்னார்கள். 2025 மே மாதம் ஐரோப்பிய மருந்து நிறுவனமும், இது இந்த மாத்திரையின் பக்கவிளைவுதான் என்று ஒப்புக்கொண்டது. எத்தனை பேருக்கு வரும் என்று கணக்கிட முடியவில்லை, அபூர்வமாகத்தான் இருக்க வேண்டும். அதற்காக அலட்சியம் கூடாது. ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மருந்து எடுத்தவர் என்றால் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு பையன் இந்த மாத்திரை ஆரம்பித்த பிறகு பேச்சைக் குறைத்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டால், "வயசுக் கோளாறு" என்று விட்டுவிடாதீர்கள். மாத்திரையை நிறுத்தி, உடனே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். பையன் மாத்திரை சாப்பிடுவதே தெரியாத வீட்டில் இதை யார் கவனிப்பார்கள்? பிள்ளைகளே, அப்பா அம்மாவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் அண்ணனிடமோ நண்பனிடமோ சொல்லி வையுங்கள்.

அடுத்தது மினாக்ஸிடில். இதைத் தலையில் தடவும் தண்ணியாகத்தான் பலருக்குத் தெரியும். பிறந்தது ஆனால் இரத்த அழுத்த மாத்திரையாக. 1979-இல் அமெரிக்காவில் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. வேறு எந்த மருந்துக்கும் அடங்காத பி.பி.க்குத்தான் கொடுத்தார்கள். சாப்பிட்டவர்களுக்கு நெற்றியிலும் கையிலும் முடி முளைத்தது. அந்தப் பக்கவிளைவைப் பிடித்துத்தான் 1988-இல் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். இப்போது மறுபடியும் மாத்திரைக்கே திரும்பி, பி.பி.க்கு 10 முதல் 40 மி.கி. வரை கொடுத்ததை, முடிக்கு 5 மி.கி. அல்லது அதற்கும் குறைவாகக் கொடுக்கிறார்கள். முடிக்கென்று அமெரிக்காவில் இந்த மாத்திரைக்கு அனுமதி கிடையாது. டாக்டர் தன் அனுபவத்தில், தன் பொறுப்பில் எழுதுவது. தவறான வழக்கம் இல்லை, ஆனால் பொறுப்பேற்க ஒரு டாக்டர் இருக்க வேண்டும் இல்லையா?

என் அண்ணன் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். போனில் ஆறு கேள்விக்குப் பதில் தட்டினான், நாலாவது நாள் பார்சல் வந்துவிட்டது. டாக்டர் குரலைக்கூட அவன் கேட்கவில்லை. இரண்டு மாதத்தில் கணுக்கால் வீங்கியது, மாடி ஏறினால் நெஞ்சு படபடப்பு. லீவில் இங்கே வந்தவன், மலையில் நடந்ததால் கால் வீக்கம் என்று நினைத்துக்கொண்டான். சேலத்தில் டாக்டரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்?" என்பதுதான். நிறுத்தினார், வீக்கம் வடிந்தது. இந்த மருந்து உடம்பில் நீரைத் தேக்கும், இதயத் துடிப்பைக் கூட்டும், உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றும். அதிக அளவில் இதயத்தைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும் அபாயமும் உண்டு. குறைந்த அளவில் சாப்பிட்ட 1,404 பேரைப் பார்த்த ஓர் ஆய்வில் தலைசுற்றல் 1.7 சதவீதம், நீர் தேங்குவது 1.3 சதவீதம்தான். ஆனால் வேண்டாத இடத்தில் முடி முளைத்தது 15 சதவீதம் பேருக்கு. பெண்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். தலைக்கு மட்டும் போ என்று மாத்திரைக்கு முகவரி எழுதி அனுப்ப முடியாது.

இதற்கு ஸ்பெயின் நாட்டில் நடந்தது நல்ல உதாரணம். 2019-இல் அங்கே பல கைக்குழந்தைகளுக்கு உடம்பு முழுக்க முடி முளைத்தது. பெற்றோர் பயந்துபோனார்கள். விசாரித்தால், வயிற்று அமிலத்துக்குக் கொடுத்த ஓமிப்ரசோல் சிரப்பில் தவறுதலாக மினாக்ஸிடில் கலந்திருந்தது. நிறுத்திய பிறகு முடி உதிர்ந்தது. நம் வீட்டுக்கு வரும் பேரக் குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் அந்த அட்டை இருக்கக் கூடாது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

மாத்திரைதான் தைலத்தைவிட உசத்தி என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. பிரேசிலில் 90 ஆண்களை வைத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு 5 மி.கி. மாத்திரை, மீதிப் பேருக்கு 5 சதவீதத் தைலம் தினம் இரண்டு வேளை. 24 வாரம் கழித்து மாத்திரை மேல் என்று நிரூபணமாகவில்லை. 2024-இல் வெளியான முடிவு இது. தலையணையில் ஒட்டுகிறது என்று தைலத்தை வெறுப்பவர்களுக்கு மாத்திரை வசதி, அது வேறு விஷயம். எந்த வழியில் எடுத்தாலும் முதல் சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டலாம். புது முடி பழையதைத் தள்ளுவதுதான் அது. பலர் அங்கேயே பயந்து நிறுத்திவிடுகிறார்கள்.

ட்யூட்டாஸ்டரைடு என்று மூன்றாவது ஒன்று உண்டு. ஃபினாஸ்டரைடின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் வலிமை, உடம்பில் மாதக் கணக்கில் தங்கும். தென்கொரியாவிலும் ஜப்பானிலும் முடிக்கு அனுமதி இருக்கிறது.

இனி என் வயதுக்காரர்களுக்கு. பசங்க விஷயம், நமக்கென்ன என்று சிலர் கொட்டாவி விடுகிறீர்கள். கொஞ்சம் கேளுங்கள், இது உங்களுக்குத்தான். ராத்திரியில் நாலு தடவை எழுந்து போகிறோம் என்று புராஸ்டேட்டுக்கு ஃபினாஸ்டரைடோ ட்யூட்டாஸ்டரைடோ சாப்பிடுகிறவர்கள் இந்த அறையில் நிச்சயம் இருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை செய்கிறோம், புராஸ்டேட் புற்றுநோய் இருக்கிறதா என்று சந்தேகிக்க உதவுவது அது. இந்த மாத்திரை அந்த எண்ணைப் பாதியாகக் குறைத்துவிடும். ரிப்போர்ட்டில் 2.8 என்று வருகிறது. 4-க்குக் கீழே, நார்மல் என்று மடித்து பீரோவில் வைத்துவிடுகிறோம். ஆறு மாதத்துக்கு மேல் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அதை இரண்டால் பெருக்கி 5.6 என்று படிக்க வேண்டும். லேப்காரருக்கு நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று தெரியாது, அவர் அச்சடித்துக் கொடுத்துவிடுவார். மாத்திரை சாப்பிடும்போது குறைந்த எண் மறுபடி ஏற ஆரம்பித்தால், அது 4-க்குள் இருந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். முடிக்காக 1 மி.கி. சாப்பிடும் ஐம்பது வயதுக்காரருக்கும் இதே கதைதான். அவர் முடி மாத்திரையை ஒரு மருந்தாகவே நினைப்பதில்லை, டாக்டர் கேட்டாலும் சொல்வதில்லை.

அதே மாதிரி பயோட்டின். மருந்துக் கடையில் வைட்டமின் என்று சுலபமாகக் கிடைக்கிறது. குறைபாடு இல்லாதவருக்கு அதனால் முடி வளரும் என்பதற்குச் சரியான சான்று இல்லை. அது போகட்டும், காசு போகும் அவ்வளவுதான் என்று விட முடியாது. இரத்தத்தில் பயோட்டின் அதிகமாக இருந்தால் தைராய்டு பரிசோதனை முடிவு தப்பாக வரும். மாரடைப்பா என்று பார்க்கும் ட்ரோபோனின் பரிசோதனையும் குறைத்துக் காட்டிவிடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது, அப்படி ஒருவர் இறந்ததையும் குறிப்பிட்டது. இரத்தம் எடுக்கப் போகுமுன் பயோட்டின் சாப்பிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பெண்களுக்கு முடி கொட்டினால் முதலில் பார்க்க வேண்டியது இரும்புச் சத்து, தைராய்டு. டெங்கு, டைபாய்டு மாதிரிக் காய்ச்சல் வந்துபோன இரண்டு மூன்று மாதத்தில் கொட்டுவது, பிரசவத்துக்குப் பிறகு கொட்டுவது, எல்லாம் தானாகத் திரும்பும். அதற்கு இந்த மாத்திரைகள் தேவையில்லை. 1 மி.கி. ஃபினாஸ்டரைடை மாதவிடாய் நின்ற 137 பெண்களிடம் சோதித்து, பலன் இல்லை என்று கண்டார்கள். அண்ணனுக்கு வாங்கியதைத் தங்கையும் சாப்பிடுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். எல்லா உதிர்வும் ஒன்றில்லை என்பதற்கு, 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தில் புல்டாணா மாவட்டக் கிராமங்களில் நடந்தது ஞாபகம் இருக்கலாம். ஆண், பெண், குழந்தை என்று பார்க்காமல் சில நாட்களிலேயே தலை மொட்டையானது. சாப்பிட்ட கோதுமையில் செலினியம் அதிகம் என்று அங்கே ஆராய்ந்த டாக்டர் ஒருவர் சொன்னார். திடீரென்று கொத்தாகக் கொட்டினால் அது வழுக்கை இல்லை, வேறு ஏதோ.

விளம்பரம் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டில் 1945-ஆம் வருஷத்து மருந்து விதிகளில் அட்டவணை ஜே என்று ஒன்று இருக்கிறது. அதிலுள்ள நோய்களைக் குணமாக்கும் என்று எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது. புற்றுநோய், நீரிழிவு வரிசையில் வழுக்கையும் அதில் இருக்கிறது. "90 நாளில் வழுக்கை போகும்" என்று போட்டிருப்பதைப் பார்த்தால் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முடி நடுவதும் விளையாட்டு இல்லை. 2016-இல் சென்னையில் ஒரு மையத்தில் முடி நட்டுக்கொண்ட மருத்துவக் கல்லூரி மாணவர், டாக்டருக்கே படித்துக்கொண்டிருந்தவர், இறந்துபோனார். அந்த இடத்துக்கு அழகு நிலைய உரிமம் மட்டும்தான் இருந்தது என்று செய்தி வந்தது.

பேசி முடித்ததும் சிலர் கேட்டவை. மலைக்கு வந்த பிறகுதான் கொட்டுகிறது, தண்ணீரா என்று பி பிளாக் அம்மா கேட்டார்கள். உப்புத் தண்ணீரில் முடி முரடாகும், உடையும், ஆனால் நெற்றி ஏறும் பரம்பரை வழுக்கைக்குத் தண்ணீர் காரணம் இல்லை. ஹெல்மெட்டும் இல்லை. கொண்டை ஊசி வளைவில் ஹெல்மெட் இல்லாமல் இறங்குகிற பிள்ளைகள் இந்தச் சாக்கைச் சொல்ல வேண்டாம். கரிசலாங்கண்ணி எண்ணெய் தேய்க்கலாமா என்றார் ஒரு பெரியவர். தாராளமாக, தலை குளிர்ச்சியாக இருக்கும். வழுக்கையைத் திருப்பும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

டாக்டரைப் பார்க்க எங்கே போவது என்பதுதான் நிஜமான சிரமம். கூரியர் மலை ஏறி வாசலுக்கு வருகிறது, நாம் 20 வளைவு இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. இருந்தாலும் ஒரு நாள் ஒதுக்குங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையில் முதல் பஸ்ஸில் போவது நல்லது. போகும்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டையும், பி.பி., சுகர், வைட்டமின் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் உச்சந்தலையை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் ஆறு மாதம் கழித்து ஒப்பிட உதவும்.

கடைசியாக, நம் சங்கத்தின் இரத்ததான முகாம் வரப்போகிறது. ஃபினாஸ்டரைடு சாப்பிடுகிறவர்கள் நிறுத்தி ஒரு மாதமும், ட்யூட்டாஸ்டரைடு சாப்பிடுகிறவர்கள் ஆறு மாதமும் ஆகாமல் இரத்தம் கொடுக்கக் கூடாது என்பது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் விதி. அந்த இரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போய்ச் சேரலாம் என்பதுதான் காரணம். முகாமில் தரும் படிவத்தில் மருந்துகள் என்ற இடத்தைக் காலியாக விடாமல் எழுதுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் எழுதக் கூச்சமாக இருந்தால், முகாம் டாக்டரிடம் தனியாகச் சொல்ல ஏற்பாடு செய்து தருவதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார்.